ஆறு வேலை செய்யும் கேமிங் கருவிக்கு முன்பணம் கட்டலாமா?

நுகர்வோர் சட்ட ஆலோசனை: வாசகர் கடிதமும் வழக்கறிஞர் பதிலும்

கடிதம் எழுதியவர் உதகையில் வசிக்கும் 26 வயது இளைஞர். தங்கும் விடுதி ஒன்றின் வரவேற்பறையில் வேலை. இரண்டு சீசனில் மிச்சம் பிடித்த 60,000 ரூபாய் கையில் இருக்கிறது. தங்கை கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறார், அவருக்கு லேப்டாப் தேவை. இவருக்கோ பள்ளி நாள் முதல் கேம் மேல் ஆசை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று அறிவித்திருக்கும் புதிய கையடக்கக் கருவி இரண்டு பேர் தேவையையும் தீர்த்துவிடும் என்று நம்புகிறார். ஏழு அங்குலத் திரை, கேம் ஆடலாம், டாக்கில் (மானிட்டர், கீபோர்டு இணைக்கும் தாங்கி) செருகினால் விண்டோஸ் கணினி, சிம் போட்டால் போன், கேமரா உண்டு, பவர் பேங்காகவும் பயன்படும், பத்தாயிரம் பழைய கேம்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கும். பேட்டரி 10,000 எம்ஏஎச், பெரிய கேம்களையே எட்டு மணி நேரம் ஆடலாம் என்கிறது விளம்பரம்.

வாங்க இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, கூட்டுநிதித் தளத்தில் (பொருளைச் செய்யும் முன்பே பலரிடம் பணம் திரட்டும் இணையதளம்) 46,000 ரூபாய் அளவுக்கு முழுப் பணமும் கட்டி எட்டு மாதம் காத்திருப்பது. மற்றது, கோவையில் ஒரு கடைக்காரர் “நானே இறக்கித் தர்றேன், 20,000 அட்வான்ஸ் போடுங்க, மொத்தம் 58,000, பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி” என்கிறாராம். அம்மாவோ, “ஆன்லைன் கேமையே தடை பண்ணிட்டாங்களே, இது எதுக்குடா?” என்கிறார். வாசகர் கேட்பவை: ஏமாந்தால் ஊட்டி நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போட முடியுமா? ஏழு நாளில் திருப்பிக் கொடுக்கச் சட்டத்தில் உரிமை இருக்கிறதுதானே? இன்டர்நேஷனல் வாரண்டி என்று போட்டிருப்பதை நம்பலாமா?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அம்மாவின் கவலை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் தடுப்பது பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களை. ரம்மி, போக்கர் போன்றவை அதில் வரும். காசு கொடுத்து வாங்கி வீட்டில் ஆடும் வீடியோ கேமுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் “இது எதுக்குடா?” என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதிலில் பாதிக்கு மேல் போகிறது.

சந்தேகப்படுவது தப்பில்லை

எல்லா வேலையும் செய்யும் கேம் கருவி என்ற கனவு புதிதல்ல. 2003-இல் நோக்கியா என்-கேஜ் வந்தது. போனும் கேமும் ஒன்றாக. கேம் அட்டையை மாற்ற வேண்டுமானால் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு மாற்ற வேண்டும். பேசும்போது கருவியின் விளிம்பைக் காதில் வைத்துப் பேச வேண்டும். கேம் ஆட வாங்கியவருக்கும் தொந்தரவு, போனாக வாங்கியவருக்கும் தொந்தரவு. 2005-இல் கிஸ்மாண்டோ ஜிபிஎஸ், கேமரா, படம், கேம் எல்லாம் தருகிறேன் என்று வந்தது. அடுத்த ஆண்டே நிறுவனம் திவால். பண்டோரா என்ற கையடக்கக் கணினிக்கு 2008-இல் முன்பதிவு வாங்கினார்கள், முதல் கருவிகள் 2010-இல்தான் கைக்கு வந்தன. ஸ்மாக் இசட் என்ற கையடக்க கேமிங் கணினி 2016-இல் கூட்டுநிதி திரட்டியது. 2021-இல் நிறுவனம் திவாலானது, பணம் கட்டிக் காத்திருந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கருவி வரவேயில்லை.

வந்து ஜெயித்தவையும் உண்டு. 2017-இன் நின்டெண்டோ ஸ்விட்ச், 2022-இன் ஸ்டீம் டெக். இவை இரண்டும் கேம் என்ற ஒரே வேலையை உருப்படியாகச் செய்தன, மற்றதெல்லாம் உபரி. இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்டீம் டெக்கைச் செய்த வால்வ் வசதியான நிறுவனம். அது 2021-இல் முன்பதிவுக்கு வாங்கியது வெறும் ஐந்து டாலர். வேண்டாமென்றால் அதையும் திருப்பித் தந்தது. அப்படியிருந்தும் 2021 டிசம்பரில் தருவதாகச் சொன்னது 2022 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. கையில் காசுள்ள நிறுவனம் ஐந்து டாலர் கேட்கிறது. உங்களிடம் முழு 46,000-ஐயும் கேட்பவர் அந்தப் பணத்தை வைத்துத்தான் கருவியையே செய்யப் போகிறார். இந்த வித்தியாசம்தான் சட்டத்திலும் வந்து நிற்கிறது.

பேட்டரிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

எம்ஏஎச் எண் பெரிதாகத் தெரியும். அதை வாட்-ஹவராக, அதாவது பேட்டரி தரக்கூடிய மொத்த ஆற்றலாக மாற்றினால்தான் உண்மை புரியும். 10,000 எம்ஏஎச் என்பது 10 ஆம்பியர்-ஹவர். செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.85 வோல்ட் என்று வையுங்கள். பெருக்கினால் 38.5 வாட்-ஹவர். முதல் ஸ்டீம் டெக்கில் இருந்ததும் ஏறக்குறைய இதுதான், 40 வாட்-ஹவர். அதற்கு நிறுவனமே சொன்ன நேரம், கேமைப் பொறுத்து 2 முதல் 8 மணி.

இப்போது திருப்பிப் போடுங்கள். 38.5-ஐ எட்டு மணி நேரத்துக்கு இழுக்க வேண்டுமானால் திரை, வைஃபை, விசிறி, சிப் எல்லாம் சேர்ந்து 4.8 வாட்டுக்குள் ஓட வேண்டும். பெரிய கேம் ஓடும்போது ஸ்டீம் டெக்கின் சிப் மட்டுமே 15 வாட் வரை இழுக்கும், திரையும் மற்றதும் தனி. ஆக, புதிய பெரிய கேம் என்றால் இரண்டு மணி நேரத்தை ஒட்டி எதிர்பாருங்கள். எட்டு மணி நேரம் என்பது பழைய 2டி கேமுக்கு, வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால். விளம்பரத்தில் இருப்பதுபோல் “பெரிய கேம்களையே எட்டு மணி நேரம்” என்பது இந்தப் பேட்டரிக்குக் கட்டுப்படியாகாது. பவர் பேங்காகப் பயன்படுத்தி ஒரு செல்போனை முழுசாக ஏற்றினால் இதில் பாதிக்கு அருகே போய்விடும்.

உங்கள் கடிதத்திலிருந்து ஒரு வரி: “மழையில் கரண்ட் போனாலும் தங்கச்சி அசைன்மென்ட் முடிச்சிடுவா.” காற்று மழையில் மரம் விழுந்து கம்பி அறுந்தால் நம் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் ஒரே பேட்டரியில் நீங்கள் போன் பேசி, தங்கை டாக்கில் போட்டு எழுத, நடுவில் கேமும் ஆட முடியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விளம்பரத்தில் ஆறு வேலை என்று இருந்தாலும் வரப் போவது ஒரு கருவிதான். நீங்கள் காலை ஷிப்டுக்குப் போகும்போது போன் உங்களோடு போகும், தங்கையின் கணினியும் அதோடு போகும். பழுதாகிச் சர்வீஸுக்குக் கொடுத்தால் வீட்டில் போன், கணினி, கேம் மூன்றும் ஒரே நாளில் காணாமல் போகும். இரண்டு பேர் தேவைக்கு ஒரு கருவி என்ற உங்கள் கணக்கில் நான் முதலில் திருத்துவது இதைத்தான்.

போனாகவும் கணினியாகவும் பார்த்தால்

சிம் போடும் கருவி என்றால் 4ஜி இருந்தால் போதாது. ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. அழைப்பு வோல்ட்டி (VoLTE) முறையில், அதாவது 4ஜி வழியாகத்தான் போகும். ஆகவே கருவியில் வோல்ட்டி வசதி இல்லையென்றால் டேட்டா வரும், பேச முடியாது. எந்தெந்த பேண்ட் (அலைவரிசைத் தொகுதி) என்று விவரப் பக்கத்தில் பாருங்கள். ஜியோ 4ஜிக்கு 3, 5, 40 வேண்டும். இதில் 5 என்பது 850 மெகாஹெர்ட்ஸ். குறைந்த அலைவரிசை வளைவுகளையும் மரங்களையும் தாண்டி வீட்டுக்குள் வருவதில் மற்றவற்றைவிட மேல். மலைச்சரிவில் இருப்பவருக்கு அது விட்டுப்போனால் ஜன்னலோரம் போய் நின்றுதான் பேச வேண்டியிருக்கும். கருவி வந்த பிறகு *#06# போட்டால் ஐஎம்இஐ எண் வரும். KYM என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அது முறையான கருவியா என்று பதில் வரும்.

கணினியாக என்றால், “விண்டோஸ் ஓடும்” என்பதும் “விண்டோஸ் உரிமத்தோடு வரும்” என்பதும் ஒன்றல்ல. எது என்று எழுத்தில் கேளுங்கள். சிப் எக்ஸ்86 வகையா (வழக்கமான கணினியில் இருப்பது), ஆர்ம் வகையா (செல்போனில் இருப்பது) என்பதும் முக்கியம். ஆர்ம் என்றால் கணினிக்கான கேம்களும் சில பாட மென்பொருள்களும் நேரடியாக ஓடாது. லினக்ஸ் அடிப்படையிலானது என்றால் தங்கைக்குப் பைதான், ஜாவா, சி எல்லாம் தாராளமாக ஓடும், ஆனால் நீங்கள் கேட்ட வேலரண்ட் என்ற கேம் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸைத்தான் கேட்கும். டாக், கீபோர்டு, மவுஸ், மானிட்டர் எல்லாம் தனிச் செலவு. ஏழு அங்குலத் திரையில் நிரல் எழுதச் சொன்னால் தங்கை உங்களோடு பேசுவதை நிறுத்திவிடுவார்.

டவுன்லோடையும் யோசியுங்கள். இன்றைய பெரிய கேம் 100 ஜிபி தொடும். உங்கள் மொபைல் பிளானில் தினம் 1.5 ஜிபி என்று எழுதியிருக்கிறீர்கள். வேறெதற்கும் தொடாமல் சேர்த்தால்கூட ஒரு கேமுக்கு 67 நாள்.

பத்தாயிரம் இலவச கேம்கள் பற்றி ஒரு வார்த்தை. உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ஏற்றியவை என்றால் அது திருட்டுப் பிரதி. தெரிந்தே அதைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் குற்றம். வீட்டில் ஆடுபவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு உறுத்துவது வேறு. இதை வெளிப்படையாக விளம்பரம் செய்யும் நிறுவனம், உங்களுக்குக் கொடுக்கும் வாக்கை மட்டும் மதிக்கும் என்று எதை வைத்து நம்புவது?

கூட்டுநிதி என்பது கடை இல்லை

இந்த வகைத் தளங்களில் பேர்பெற்ற கிக்ஸ்டார்ட்டரே 2012-இல் “நாங்கள் கடை அல்ல” என்று அறிவித்தது. ஒப்பந்தம் உங்களுக்கும் கருவியைச் செய்பவருக்கும் இடையில்தான், தளம் அதில் தரப்பு இல்லை என்று அதன் விதிகளிலும் இருக்கிறது. நீங்கள் பார்த்த தளத்தின் விதியையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். “ஆதரவாளர்”, “வெகுமதி” என்ற சொற்கள் வந்தால் அது விற்பனையாக எழுதப்படவில்லை.

அதற்காகச் சட்டமே உதவாது என்றும் சொல்ல மாட்டேன். 2020-இன் மின்வணிக விதிகள், இந்தியாவில் அலுவலகம் இல்லாவிட்டாலும் இங்குள்ள நுகர்வோருக்குத் தொடர்ந்து பொருள் விற்கும் நிறுவனங்களுக்கும் பொருந்தும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 34-ஆம் பிரிவில், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். ஆகவே உதகை மாவட்ட ஆணையத்தில் வழக்கைப் பதிவு செய்யலாம், வாதம் வைக்கலாம், உத்தரவுகூட வாங்கலாம். அதை நிறைவேற்றுவது எங்கே? இந்தியாவில் சொத்தும் இல்லை, ஆளும் இல்லை, நிறுவனமே திவால் என்றால் அந்த உத்தரவுக் காகிதத்தைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டலாம். எங்கே வழக்குப் போடலாம் என்று கேட்டீர்கள். யாரைப் பிடித்து வசூலிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும்.

கையில் இருக்கும் ஒரே நடைமுறைக் காப்பு கிரெடிட் கார்டு. பொருள் வரவில்லை என்று வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கோரலாம். அதற்குக் கெடு உண்டு. பொதுவாக, தருவதாகச் சொன்ன தேதியிலிருந்து 120 நாள் என்ற கணக்கில் ஓடும், பணம் கட்டிய நாளிலிருந்தும் ஓர் உச்ச வரம்பு இருக்கும். உங்கள் வங்கியில் இரண்டையும் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். “இன்னும் இரண்டே மாதம்” என்று வரும் ஒவ்வொரு அறிவிப்பும் இந்தக் கெடுவைத்தான் தின்கிறது. யுபிஐயிலோ வங்கி மாற்றிலோ அனுப்பிய பணத்துக்கு இந்த அளவு பாதுகாப்பு கிடையாது.

அடுத்து சுங்கம். வெளிநாட்டிலிருந்து உங்கள் பெயருக்கு வரும் பார்சலில் பொருள் விலை, அனுப்பும் செலவு, காப்பீடு மூன்றையும் கூட்டி அதன்மேல் வரி போடுவார்கள். அந்த வரியும் சேர்ந்த தொகையின்மேல் ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்கான ஜிஎஸ்டி). பிறகு கூரியர் நிறுவனத்தின் கையாளுகைக் கட்டணம். அடையாளச் சான்றும் கேட்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், பார்சல் வந்து சேரும் அன்றைய விகிதம்தான் கணக்கு. எட்டு மாதம் கழித்து வரப்போகும் பொருளுக்கு இன்றைய கணக்கைப் போட்டு “46,000-இல் முடிந்துவிடும்” என்று நினைப்பது சரியில்லை. விலையில் பாதியைத் தனியே எடுத்து வைக்க முடிந்தால்தான் இந்த வழியை யோசிக்கலாம். “கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்றேன்” என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 2019 டிசம்பர் முதல் ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர அன்பளிப்பு என்ற பெயரில் வரியில்லாமல் எதையும் வரவழைக்க முடியாது. குறைத்துப் பொய் விலை எழுதினால் பொருளே சுங்கத்தில் சிக்கும்.

இன்டர்நேஷனல் வாரண்டி என்ற சொல்

கருவியைத் தயாரிப்பாளருக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றால் அந்த வாரண்டி பேருக்குத்தான். போகும் செலவு யாருடையது, திரும்பி வரும்போது சுங்கம் யார் கட்டுவது என்று எழுதியிருக்கிறதா? இன்னொரு முடிச்சும் இருக்கிறது. லித்தியம் பேட்டரி உள்ள பொருள் விமானச் சரக்கு விதிகளில் ஆபத்தான பொருள் வகையில் வரும். பேட்டரி உப்பியோ சேதமாகியோ இருந்தால் விமானத்தில் ஏற்றவே கூடாது. கையடக்கக் கருவியில் வரக்கூடிய மோசமான பழுதே பேட்டரி உப்புவதுதான். அந்தப் பழுதுக்கு உங்கள் வாரண்டி வேலை செய்யாது. இந்தியாவில் சர்வீஸ் சென்டர் முகவரி இருந்தால் மட்டும் அதை வாரண்டியாகக் கணக்கில் எடுங்கள். ஸ்விட்ச், ஸ்டீம் டெக் இரண்டுமே இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தவை அல்ல. இங்கே அவற்றை வாங்கியவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகத் தெரியும்.

கோவைக் கடை

உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கலாம். இரண்டு வழிகளில் சட்டப்படி பலமானது இந்தக் கடை வழிதான். ஆள் இங்கே இருக்கிறார், கடை இருக்கிறது. ஆனால் அவர் சொன்ன நிபந்தனைகளோடு அல்ல.

“பில் வேணும்னா ஜிஎஸ்டி தனி” என்பதே தவறு. பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பி எல்லா வரியும் அடங்கியது, அதற்கு மேல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, மாதம், ஆண்டு, தயாரான நாடு, புகார் எண் எல்லாம் பெட்டியில் இருக்க வேண்டும். பில் கொடுக்க மறுப்பது 2019 சட்டத்தின் 2(47) பிரிவில் முறையற்ற வணிக நடைமுறை. அதே பிரிவில் உங்களுக்குப் பயன்படும் இன்னொன்றும் இருக்கிறது: குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள் திரும்பப் பெற வேண்டும், அப்படிக் காலம் எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று பலகை மாட்டினால் இது செல்லாமல் போய்விடாது.

இங்கேதான் உங்கள் ஏழு நாள் நம்பிக்கையையும் திருத்த வேண்டும். பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்காக ஏழு நாளில் திருப்பிக் கொடுக்கும் சட்ட உரிமை எதுவும் இந்தியாவில் இல்லை. அது சில தளங்கள் தாமாகக் கொடுக்கும் சலுகை. மலைப் பகுதிப் பின்கோடுகளுக்கு அந்தச் சலுகை பொருந்துமா என்று ஆர்டர் போடும் முன்பே பாருங்கள். சட்டம் தருவது வேறு. ஆன்லைனில் வாங்கிய பொருள் குறையுள்ளது, போலி, விளம்பரத்தில் சொன்ன அம்சம் இல்லை, சொன்ன தேதிக்குத் தாமதமாக வந்தது என்றால் விற்பவர் திரும்பப் பெறவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு மட்டும், அவர் கைமீறிய காரணம் இருந்தால் விலக்கு உண்டு. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றால் அது அவர் தவறாகாது. ஆகவே விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்தான் உங்கள் ஆயுதம். “பெரிய கேம்களை எட்டு மணி நேரம்” என்ற வரியை இன்றே, தேதியும் இணைய முகவரியும் தெரியும்படி எடுத்து வையுங்கள். பக்கம் நாளை மாறிவிடும்.

பெட்டியைப் பிரிக்கும் முன் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்ணைப் பாருங்கள். R- என்று தொடங்கி எட்டு இலக்கம் இருக்கும். வீடியோ கேம் கருவி, அடாப்டர், பவர் பேங்க், மொபைல் எல்லாம் கட்டாயப் பதிவில் வருபவை. பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தத் தயாரிப்பாளர், எந்தப் பொருள் என்று வரும். கருவிக்கும் அடாப்டருக்கும் தனித்தனியாகப் பாருங்கள். எண் இல்லாமல் விற்பது கடைக்காரர் தலையில் விழும் குற்றம், அவர் தயங்கினால் காரணம் அதுதான்.

தவணை பற்றியும் கேட்டிருந்தீர்கள். “நோ காஸ்ட் இஎம்ஐ”யில் வட்டி மறைந்திருக்கிறதே தவிர இல்லாமல் இல்லை. வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. ரொக்க விலை எவ்வளவு, பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, வட்டியின் மேல் ஜிஎஸ்டி எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுக் கூட்டிப் பாருங்கள்.

உயரத்தில் வசிப்பவருக்கு

விமர்சன வீடியோ எதிலும் இது வராது. உதகை சுமார் 2,240 மீட்டர். கொடைக்கானலும் 2,000-க்கு மேல். சில அடாப்டர்களில் சிறிய மலை உருவம் போட்டு, 2000 மீட்டருக்குக் கீழ் மட்டும் என்று குறித்திருப்பார்கள். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது, மெலிந்த காற்றில் மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவது சுலபம். அதனால் உள்ளே பாகங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டும். அந்தக் குறி உள்ள அடாப்டர் போட்டவுடன் வெடித்துவிடும் என்று அர்த்தமில்லை. ஆனால் தயாரிப்பாளரே வேண்டாம் என்று எழுதிய உயரத்தில் பயன்படுத்தினீர்கள் என்று வாரண்டியை மறுக்க அது அவருக்கு ஒரு சாக்கு. குன்னூர்க்காரருக்கு இந்தக் கவலை இல்லை. நீங்கள் பிஐஎஸ் எண்ணும் அதிக உயர அளவும் உள்ள யுஎஸ்பி-சி பிடி (பவர் டெலிவரி) அடாப்டரைத் தனியே வாங்கிக்கொள்ளுங்கள். கருவி கேட்கும் வாட் அளவுக்குக் குறையக் கூடாது.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் விடியற்காலையில் கருவியை வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்து உடனே சார்ஜ் போடாதீர்கள். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழ் லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரச் சேதம் வரும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தால் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் ஈரம் உள்ளே படியும். விசிறி வைத்த கருவி மூடுபனியையும் சேர்த்து இழுக்கும். துருவைப் பார்த்ததும் “தண்ணீர் பட்டது” என்று சர்வீஸ்காரர் எழுதிவிட்டால் வாரண்டி போயிற்று. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள்.

வழக்கு என்று வந்தால்

இது நீங்கள் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. முதலில் விற்பவரின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஆன்லைன் நிறுவனம் என்றால் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். பல புகார்கள் அங்கேயே முடிகின்றன. முடியாவிட்டால் கொடுத்ததற்கான சான்றோடு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ், 15 நாள் கெடு. பிறகு நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் உதகை மாவட்ட ஆணையத்துக்குப் புகார். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் இல்லை (இதைச் சொல்வதில் எனக்கு லாபமில்லை, இருந்தாலும் உண்மை). பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலையும் ஸ்கிரீன்ஷாட்டையும் சாட்சியமாக வைக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழையும் (மின்னணு ஆதாரத்துக்கானது) சேருங்கள்.

பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்தால் அது நுகர்வோர் வழக்கு அல்ல, மோசடி. தெரிந்த அந்த மணி நேரத்திலேயே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்த வாய்ப்பு இருப்பது அப்போதுதான்.

என்ன செய்யலாம்

தங்கையின் லேப்டாப் முதலில். அவர் படிப்பது அரசுக் கல்லூரி என்றால் மாநில அரசின் மடிக்கணினித் திட்டத்தில் அவர் பெயர் வருமா என்று கல்லூரி அலுவலகத்தில் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள். வந்தால் உங்கள் 60,000 அப்படியே நிற்கும். வராவிட்டால் இங்கேயே சர்வீஸ் உள்ள ஒரு சாதாரண லேப்டாப் வாங்குங்கள், பழைய கேம்கள் அதிலும் ஓடும்.

கூட்டுநிதி வழி வேண்டாம். “முதல் ஆளுக்கு மலிவு” என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தள்ளுபடி நீங்கள் தாங்கும் ஆபத்துக்கான கூலி. கருவி உண்மையிலேயே நன்றாக வந்தால் ஆறு மாதம் கழித்தும் கிடைக்கும். அதற்குள் மற்றவர்கள் பிரித்துப் பார்த்து எது சூடாகிறது, எந்தப் பட்டன் ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பெரிய நிறுவனத்துக்கே முதல் தொகுதியில் தவறுகிறது. ஏசஸின் ஆர்ஓஜி அலை (ROG Ally) என்ற கையடக்க கேமிங் கருவி 2023-இல் வந்தபோது, வெப்பத்தால் அதன் எஸ்டி கார்டு ரீடர் பழுதாவதை நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. ஆனால் அது இந்தியாவில் முறைப்படி விற்ற கருவி, கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடம் இருந்தது.

கோவைக்காரரிடம் பேச்சை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. இதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், போனில் பேச வேண்டாம்:

“அண்ணா, கருவியோட மாடல் பேர், பிஐஎஸ் ஆர் நம்பர், இறக்குமதியாளர் பேர் அனுப்புங்க. எம்ஆர்பிக்குள்ள ஜிஎஸ்டி பில் தருவீங்களா? எந்தத் தேதிக்குள்ள தருவீங்க? அந்தத் தேதிக்கு வரலைன்னா எத்தனை நாள்ல அட்வான்ஸ் திரும்ப வரும்? பழுதானா எந்த ஊர் சர்வீஸ் சென்டர்? இதுக்கெல்லாம் பதில் போட்டீங்கன்னா அட்வான்ஸ் பத்திப் பேசலாம்.”

எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் 20,000 வேண்டாம், 2,000 போடுங்கள், மீதி பொருளைப் பார்த்த பிறகு. “அதெல்லாம் நேர்ல பேசிக்கலாம் தம்பி” என்று வந்தால் அந்த 2,000-உம் வேண்டாம்.